உதவி: மெசின் ஏஜன்ட்கள் வேலையைப் பந்து மாதிரிக் கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன

கடைசி வருசம் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் பொறியியல் கடைசி வருச மாணவி. செயற்திட்டத்துக்காக இரத்மலானைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குக் கிழமையில் இரண்டு நாள் போய் வருகிறேன். அங்கே 6 இன்ஜெக்ஷன் மெசின்கள் இருக்கின்றன (உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்ட் என்ற அச்சுக்குள் அழுத்திப் பொருள் அடிப்பவை). மோல்டை இறுக்கிப் பிடிக்கும் விசைப்படி 120 தொன்னில் இரண்டு, 200 தொன்னில் இரண்டு, 350 தொன்னில் இரண்டு. பெயின்ட் வாளி, அதன் மூடி, பூச்சாடி, தயிர்க் கோப்பை என்று ஓடும்.

எந்த ஓடர் எந்த மெசினில் எப்போது ஓடும் என்பதைப் பிளானிங் அண்ணா ஒரு வெள்ளைப் பலகையில் காந்தத் துண்டுகளை ஒட்டித்தான் முடிவு செய்கிறார். துண்டின் நீளம்தான் நேரம். அதிலும் சில துண்டுகளை இரண்டாக ஒட்டி நீட்டி வைத்திருக்கிறார், அளவும் சரியில்லை. அவசர ஓடர் வந்தால் காந்தங்கள் எல்லாம் இடம் மாறும், பிறகு ஒரு மணித்தியாலம் ஃபோன்தான்.

இதைப் பல ஏஜன்ட் முறையில் செய்து காட்டுவதுதான் என் தலைப்பு (ஏஜன்ட் என்றால் தானே முடிவெடுத்து மற்றவற்றோடு பேசும் சிறு மென்பொருள்). முகவர் என்று தமிழில் எழுதத்தான் ஆசை. ஆனால் கொழும்பில் முகவர் என்றால் மருதானையில் வெளிநாட்டு வேலைக்கென்று பாஸ்போட் கேட்கிறவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு ஏஜன்ட், ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு ஏஜன்ட். ஏஜன்ட் எழுதுவதற்கான ஜேட் என்ற ஜாவா மென்பொருளில் எழுதியிருக்கிறேன். ஓடர் "யாரால் முடியும்?" என்று கேட்கும், மெசின்கள் முடிக்கும் நேரத்தைச் சொல்லும், கெதியாக முடிப்பதாகச் சொன்னதுக்கு வேலை போகும். இப்படி ஏலம் விட்டு வேலை கொடுக்கும் கொன்ட்ராக்ட் நெட் முறைதான். 3 ஓடர் விட்டால் அழகாக ஓடுகிறது. 20 விட்டால் இப்படி:

07:10:02 ஓடர்-17: 4,000 மூடி, வெள்ளை. யாரால் முடியும்?
07:10:02 மெசின்-3: 9.00க்குத் தொடங்கி 15.40க்கு முடிப்பேன்
07:10:02 மெசின்-4: 10.30க்குத் தொடங்கி 17.10க்கு முடிப்பேன்
07:10:03 ஓடர்-18: 1,500 பூச்சாடி, கறுப்பு. யாரால் முடியும்?
07:10:03 மெசின்-3: 9.00க்குத் தொடங்கி 14.00க்கு முடிப்பேன்
07:10:04 ஓடர்-17 → மெசின்-3: வேலை உனக்கு
07:10:04 ஓடர்-18 → மெசின்-3: வேலை உனக்கு
07:10:05 மெசின்-3 → ஓடர்-18: முடியாது
07:10:05 ஓடர்-18: 1,500 பூச்சாடி, கறுப்பு. யாரால் முடியும்?

ஒரு மெசின் "முடியாது" என்றால், இன்னும் தொடங்காத வேலைகள் எல்லாவற்றையும் திரும்ப ஏலத்துக்கு விடும்படி எழுதியிருக்கிறேன். அதனால் இது நிற்கவே இல்லை. ஓடர்-18 மட்டும் 61 தரம் ஏலத்துக்கு வந்தது. இதற்குள் மெசின்-5 சில நேரம் பதிலே சொல்வதில்லை. அடுத்த கிழமை புதனன்று மேற்பார்வையாளருக்குக் காட்ட வேண்டும். எங்கே பிழை?

சும்மா பார்ப்பவன் | செவ்வாய், இரவு 9.52

உங்களுடைய மெசின்-3 புறக்கோட்டை நடைபாதை வியாபாரி. தூரத்தில் நின்று கேட்டால் "எல்லா சைஸும் இருக்கு, வாங்கோ" என்பார். கிட்டப் போனால் ஒரு சோடிதான் இருக்கும், அதையும் வேறு ஆள் கையில் வைத்திருப்பார்.

வெள்ளவத்தை ஜாவா | செவ்வாய், இரவு 10.30

மேலே பகிடியாகச் சொன்னதுதான் வியாதி. அதற்கு முன் மெசின்-5ஐப் பார்த்துவிடுவோம், அது லேசு. மோல்டிங் ஓடுவதைக் காட்ட ஆக்ஷன் மெதட்டுக்குள் ஸ்லீப் (நிரலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் கட்டளை) போட்டிருப்பீர்கள். ஜேட்டில் ஓர் ஏஜன்டுக்கு ஒரு த்ரெட்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். அதன் பிஹேவியர்கள் (அது செய்யும் தனித்தனி வேலைகள்) எல்லாம் அந்த ஒன்றில் முறை வைத்து ஓடும். ஒன்று ஆக்ஷனை முடித்து வெளியே வந்தால்தான் அடுத்ததுக்கு முறை. நீங்கள் தூங்க வைத்தால் முழு ஏஜன்டும் தூங்கிவிடும், ஏலம் கேட்பது அதன் காதில் விழாது. செய்தி வரும்வரை காத்து நிற்கும் பிளொக்கிங் ரிசீவ் போட்டாலும் இதே கேடுதான். ஸ்லீப்பை எடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் எழும்பும் வேக்கர் பிஹேவியர் போடுங்கள்.

இப்போது மெசின்-3. கொன்ட்ராக்ட் நெட்டை ரீட் ஸ்மித் 1980இல் எழுதியபோது தொழிற்சாலையை நினைத்து எழுதவில்லை. பல இடங்களில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்வதுதான் அவருடைய கேள்வி. பிறகு ஃபிபா அதை விதிமுறையாக்கியது (கால்பந்துச் சங்கம் இல்லை, ஏஜன்ட்களுக்கான தர அமைப்பு). அந்த விதிப்படி, விலை (உங்கள் ஏலத்தில் முடிக்கும் நேரம்தான் விலை) சொன்னவரின் விலை ஏற்கப்பட்டதும் அவர் அந்த வேலைக்குக் கட்டுப்பட்டவர். உங்கள் மெசின்-3 ஒரே 9.00 மணியை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டு, இரண்டாமவரைக் கைவிடுகிறது. கைவிட்டதற்கு அதற்கு ஒரு சதம் நட்டமும் இல்லை. இதை ஈகர் பிடர் பிரச்சினை என்பார்கள். எங்கள் பாசையில் அவசரக்குடுக்கை.

வழிகள் சில இருக்கின்றன. விலை சொன்னதும் அந்த நேரத்தை மெசின் தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம், பதில் வராவிட்டால் விடலாம். அல்லது வேலையைக் கொடுக்கும் முன் "இப்போதும் சரியா?" என்று ஓடர் ஒருக்கால் கேட்கலாம். வாக்கு மாறினால் தண்டம் என்றும் வைக்கலாம், சாண்ட்ஹோல்மும் லெஸ்ஸரும் 1990களில் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எதைச் செய்தாலும், ஒரு "முடியாது"வுக்கு எல்லா வேலையையும் ஏலத்துக்கு விடும் அந்த வரியை முதலில் அழியுங்கள்.

கடைசி வருசம் | புதன், இரவு 8.15

நன்றி அண்ணா. மெசின்-5 இப்போது பேசுகிறது, ஸ்லீப்தான்.

பிடித்து வைக்கும் முறையை 30 செக்கனுக்குப் போட்டுப் பார்த்தேன். 20 ஓடர் ஒன்றாகக் கேட்டதும் எல்லா மெசினும் எல்லா நேரத்தையும் யாருக்கோ பிடித்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு "இடமில்லை" என்கின்றன. கல்யாண மண்டபத்தில் கைக்குட்டை போட்டுக் கதிரை பிடித்த மாதிரி, மண்டபம் வெறுமை, இருக்க இடமில்லை.

வெள்ளவத்தை ஜாவா | புதன், இரவு 8.40

ஹாஹா, சரி. 6 மெசினுக்கு இவ்வளவு சாமர்த்தியம் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஓர் ஓடர்தான் ஏலம் கேட்கலாம் என்று வையுங்கள். ஒரு டோக்கன், அதை வைத்திருப்பவர் மட்டும் கேட்பார். முழுதும் பரவலாக்கப்பட்ட முறை இல்லை என்று மேற்பார்வையாளர் முகம் சுழித்தால், ஏலம் சில மில்லிசெக்கனில் முடிகிறது, மோல்ட் மாற்ற ஒன்றரை மணி ஆகிறது, இதில் எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம் என்று கேளுங்கள்.

கடைசி வருசம் | வியாழன், பின்னேரம் 6.05

டோக்கன் வேலை செய்தது. ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் இன்று அட்டவணையை அச்சடித்துக் கொண்டுபோய்ப் பிளானிங் அண்ணாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "மெசின்-3இல் இப்ப கறுப்புப் பூச்சாடி ஓடுது. அடுத்து வெள்ளை மூடியா? உங்கட கொம்பியூட்டர் வந்து பரலைக் கழுவித் தருமா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பரல் என்பது மெசினில் பிளாஸ்டிக் உருகும் குழாய், அதில் கறுப்பு மிஞ்சினால் வெள்ளை கெட்டுவிடும். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அட்டவணைப் பைத்தியம் | வியாழன், இரவு 7.20

உண்மையைச் சொன்னால் 6 மெசின், 20 ஓடருக்கு ஏஜன்டே தேவையில்லை. ஓஆர் டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில், கட்டுப்பாடுகளைக் கொடுத்தால் விடை தேடித் தரும் சிபி-சாட் என்று ஒன்று இருக்கிறது. இந்த அளவுக் கணக்கென்றால் தேநீர் ஆறும் முன் நல்ல அட்டவணை தரும். தலைப்பை மாற்ற வழி உண்டா?

கடைசி வருசம் | வியாழன், இரவு 7.26

இல்லை அண்ணா. தலைப்பு ஒப்பமிட்டாயிற்று.

அட்டவணைப் பைத்தியம் | வியாழன், இரவு 8.10

சரி, அப்படியென்றால் ஒழுங்காகச் செய்வோம். மூன்று விசயம் சொல்லுங்கள் தங்கச்சி. மோல்ட் மாற்ற எவ்வளவு நேரம்? கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போக எவ்வளவு, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு எவ்வளவு? மூடி மோல்ட் மொத்தம் எத்தனை இருக்கிறது?

கடைசி வருசம் | வியாழன், இரவு 8.31

மோல்ட் இறக்கி ஏற்ற 90 நிமிடம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 70 நிமிடம், மறுபக்கம் 15. மூடி மோல்ட் ஒன்றுதான். நான் விட்ட ஏலத்தில், அந்த நேரம் மெசின்-4இல் வேறு ஓடருக்கு வெள்ளை மூடி அடித்துக்கொண்டிருக்கிறது, காலை 10.30க்கு முடியும்.

ஐயோ. இப்போது விளங்குகிறது.

அட்டவணைப் பைத்தியம் | வியாழன், இரவு 9.00

அந்த ஐயோவுக்காகத்தான் கேட்டேன். மெசின்-3 "9.00க்குத் தொடங்குவேன்" என்று சொன்னபோது மோல்ட் மெசின்-4இன் வயிற்றில் இருக்கிறது! காத்திருக்கும் நேரத்தில் பரலைக் கழுவினாலும், 10.30க்கு மோல்ட் விடுபட்டு, 90 நிமிடம் போய், 12.00க்குத்தான் தொடங்கலாம். 6 மணி 40 நிமிடம் கூட்டினால் 18.40. மெசின்-4 எதையும் மாற்றாமல் அப்படியே தொடர்ந்தால் 17.10. மெசின்-3 தன் கறுப்புப் பூச்சாடியையே தொடர்ந்தால் ஓடர்-18 9.00க்குத் தொடங்கி 14.00க்கு முடியும். பாருங்கள், விலையை உண்மையாகச் சொன்னால் 17உம் 18உம் சண்டை பிடிக்கவே தேவையில்லை. 61 ஏலமும் ஒரு பொய் விலையால் வந்தது.

ஆகவே இரண்டு மாற்றம். மோல்டுக்கும் ஓர் ஏஜன்ட் கொடுங்கள். மெசின் விலை சொல்லும் முன் அதனிடம் "நீ எப்போது விடுபடுவாய்?" என்று கேட்க வேண்டும். மற்றது, "நான் எப்போது முடிப்பேன்" என்பது விலையாக இருக்கக்கூடாது. "இந்த வேலையை என் வரிசையில் செருகினால் என் முழு வரிசையும் எவ்வளவு நீளும், யாருடைய தவணை எவ்வளவு பிந்தும்" என்பதுதான் விலை. கடைசியில் மட்டும் ஒட்டிப் பார்க்காமல், வரிசையின் ஒவ்வோர் இடைவெளியிலும் செருகிப் பார்த்து மிகக் குறைந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது வெள்ளைகள் தாமாக வெள்ளையோடு போய்ச் சேரும். வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போ என்று யாரும் விதி எழுதத் தேவையில்லை.

பிறகு இன்னொன்று. அடுத்த 8 மணித்தியால வேலைகளைப் பூட்டிவிடுங்கள், மெசின் உடைந்தால் மட்டும் திறக்கலாம். அதற்கு அப்பால் உள்ள வேலையும், இடம் மாறுவதால் ஒரு மோல்ட் மாற்றத்தை விடக் கூடுதலாக மிச்சம் வந்தால்தான் மாற வேண்டும். ஐந்து நிமிட லாபத்துக்கு அட்டவணை மாறினால் தளத்தில் ஒருவரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளவத்தை ஜாவா | வியாழன், இரவு 9.25

பைத்தியம் அண்ணா சொன்ன விலைக் கணக்குக்கு நூறு புள்ளி. ஆனால் ஏஜன்ட் தேவையே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1990களின் கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் டெய்ம்லர்கிரைஸ்லர் சிலிண்டர் ஹெட் செய்யும் இடத்தில் இதே ஏலத்தை உண்மையான உற்பத்தியில் ஓட விட்டார்கள். அங்கே ஒவ்வொரு துண்டும் முழுப் பயணத்தையும் முன்கூட்டித் திட்டமிடாது. அடுத்த மெசின் எது என்பதை மட்டும் ஏலத்தில் முடிவு செய்யும். ஒரு மெசினின் வெளிவாசலில் வேலை தேங்கினால் அது புதிதாக எடுப்பதை நிறுத்திக்கொள்ளும், நெரிசல் அப்படியே பின்னோக்கித் தெரிய வரும்.

அட்டவணைப் பைத்தியம் | வியாழன், இரவு 9.41

அது நிமிடத்துக்கு நிமிடம் துண்டு ஓடும் லைன். இது ஒரு மோல்ட் ஏறினால் அரை நாள் அசையாத இடம். ஒப்பிடக்கூடாது.

ஆனாலும் தங்கச்சிக்கு ஒரு நடுவழி உண்டு. 1998இல் பெல்ஜியத்தின் லூவெனில் ப்ரோசா என்று ஓர் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஓடர், பொருள், வளம் என்று மூன்று வகை ஏஜன்ட், கூடவே ஆலோசனை மட்டும் சொல்லும் ஸ்டாஃப் ஏஜன்ட். சிபி-சாட்டை அந்த ஸ்டாஃப் ஏஜன்டுக்குள் வையுங்கள். காலையில் அது ஓர் அட்டவணை சொல்லட்டும். பகலில் ஏதாவது குழம்பினால் உங்கள் மெசின்கள் தங்களுக்குள் பேசிச் சரிசெய்யட்டும். தலைப்பும் தப்பும், அட்டவணையும் உருப்படும்.

இரவு ஷிப்ட் | வெள்ளி, காலை 6.50

வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். நான் கொம்பியூட்டர் ஆள் இல்லை. 22 வருசமாக இன்ஜெக்ஷன் மெசினோடு வாழ்கிறேன், வேறு தொழிற்சாலையில். முழுதும் வாசித்தேன், ஏலக்கதை நல்லாயிருக்கு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும் மகள். மெசின்-3 9.00க்கு வெறுமையாகும் என்று உங்கள் ஏஜன்டுக்கு யார் சொன்னது?

எங்கள் இடத்தில் எவ்வளவு அடித்தது என்று எழுதும் ஜொப் கார்டை ஒபரேட்டர் ஷிப்ட் முடியும்போதுதான் நிரப்புவார். அதை ஒபிஸில் அடிக்கிற பிள்ளை பத்து மணிக்கு வரும். அதுவரை கொம்பியூட்டருக்குத் தெரிந்தது நேற்று இரவு நிலவரம். அதை வைத்து ஏலம் விட்டால், செத்த மாட்டுக்கு விலை பேசின கதைதான்.

அடுத்தது, மோல்ட் ஏற்றுகிற பெடியள் எத்தனை பேர், அதைத் தூக்குகிற செயின் புளொக் எத்தனை? எங்களிடம் ஒரு செயின் புளொக், இரண்டு பேர், அதுவும் பகலில் மட்டும். இரண்டு மெசினுக்கு ஒரே நேரத்தில் மோல்ட் மாற்றம் என்று எழுதினால், ஒன்று கட்டாயம் பார்த்துக்கொண்டு நிற்கும். இரவு இரண்டு மணிக்கு என்று எழுதினால் விடிய விடிய நிற்கும்.

2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது நாங்கள் அட்டவணையே போடவில்லை. எந்த மோல்ட் மெசினில் இருக்கிறதோ அதையே அடித்தோம். கரண்ட் போனால் பரலுக்குள் பிளாஸ்டிக் இறுகிவிடும், திரும்பச் சூடாக்கிக் கழுவவே நேரம் போகும். அதற்குள் மோல்டும் மாற்றினால் பொருள் அடிக்க நேரமே இருக்காது.

இன்னொன்று. அந்த மூடி மோல்டில் இரண்டு குழியும் (ஒரு குழிக்கு ஒரு மூடி) வேலை செய்கிறதா என்று போய்ப் பாருங்கள். 6 மணி 40 நிமிடம் என்ற கணக்கு எனக்கு இடிக்குது.

கடைசி வருசம் | வெள்ளி, இரவு 9.10

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று போனதும் முதல் வேலையாக மெசின்-4க்குப் பக்கத்தில் நின்றேன். 12 செக்கனுக்கு ஒரு தரம் மோல்ட் திறக்கும். இரண்டு மூடி விழ வேண்டும். டக் என்று ஒன்றுதான் விழுந்தது. ஃபோனில் நேரம் பிடித்து ஐந்து நிமிடம் எண்ணினேன். 25 தரம் திறந்தது, பெட்டியில் 25 மூடி.

ஒபரேட்டர் அக்காவிடம் கேட்டேன். ஒரு குழியின் ஹீட்டர் போய் மூன்று மாதமாம், அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு ஓட்டுகிறார்களாம். தளத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தந்த எக்செல் கோப்பில் மட்டும் இன்னும் 2 என்று இருக்கிறது. ஆக, 4,000 மூடிக்கு 13 மணி 20 நிமிடம். 10.30க்குத் தொடங்கினால் 23.50.

பிறகு பலகையைப் போய்ப் பார்த்தேன். மூடிக்கு வைத்திருந்த காந்தத் துண்டு, இரண்டை ஒட்டி நீட்டியது, சரியாக நள்ளிரவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. அளவு சரியில்லை என்று முதல் நாள் எழுதியவள் நான்தான்.

செயின் புளொக் இங்கேயும் ஒன்றுதான், மோல்ட் பெடியள் மாலை 6 மணிக்குப் போய்விடுவார்கள். அதையும் ஓர் ஏஜன்டாகச் சேர்த்திருக்கிறேன். ஜொப் கார்டுக்கு என்ன செய்வதென்று யோசிக்கிறேன். சென்சர் வாங்கக் காசில்லை.

இரவு ஷிப்ட் | சனி, காலை 7.05

சென்சர் வேண்டாம். மோல்ட் திறந்து மூடுவதை மெசினே எண்ணும், அந்தக் கவுன்டர் மெசினின் பலகையிலேயே இருக்கும். ஒபரேட்டர் பிள்ளை இரண்டு மணிக்கு ஒருக்கால் அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால்.

கடைசி வருசம் | ஞாயிறு, இரவு 10.20

நேற்றிலிருந்து கவுன்டர் படங்கள் வருகின்றன. நான் கையால் அடித்துத்தான் ஏற்றுகிறேன், பரவாயில்லை. புது விலைக் கணக்கோடு, 8 மணிப் பூட்டோடு, அதே 20 ஓடரை ஓட விட்டேன். ஓடர்-18 ஒரே ஏலத்தில் மெசின்-3க்குப் போனது. மொத்தம் இரண்டு வேலைதான் பிறகு இடம் மாறின, இரண்டும் நான் வேண்டுமென்று மெசின்-2ஐ உடைத்துப் பார்த்தபோது. சிபி-சாட் ஆலோசகரைப் புதனுக்குள் சேர்க்க முடியாது, அறிக்கையில் அடுத்த கட்டம் என்று எழுதுகிறேன்.

பிளானிங் அண்ணாவுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். மூடி வரியைப் பார்த்துவிட்டு "23.50 எண்டு எப்படித் தெரியும்?" என்று குரல் மெசேஜ் போட்டிருந்தார்.

சும்மா பார்ப்பவன் | ஞாயிறு, இரவு 10.31

அந்த ஹீட்டர் எப்போது மாற்றுவார்களாம்?

கடைசி வருசம் | ஞாயிறு, இரவு 10.34

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினார்களாம், அந்த அளவு கிடைக்கவில்லை. கோப்பில் 2ஐ 1 ஆக்கிவிட்டேன்.